நீதிபதியின் தபால்: சி.வை. தாமோதரம் பிள்ளையும் அவர் காலத்துக் கடிதங்களும்

நீதிபதி எழுதும் தீர்ப்புக்குப் பாதுகாப்பு அதிகம். நீதிமன்றப் பதிவேட்டில் அது ஏறுகிறது, நகல் எடுக்கப்படுகிறது, முக்கியமானதாக இருந்தால் சட்ட அறிக்கைத் தொகுதியில் அச்சாகி, நூறு ஆண்டு கழித்தும் வக்கீல்கள் எடுத்துக்காட்டும் நிலையில் இருக்கிறது. அதே நீதிபதி எழுதிய கடிதத்துக்கு இந்தக் காவல் எதுவும் கிடையாது. தபாலில் சேர்த்தவுடன் அது எழுதியவர் கையை விட்டுப் போய்விடுகிறது. பெற்றவர் எடுத்துவைத்தால் உண்டு. அடுப்பில் போட்டால் இல்லை. அதனால் ஒரு நீதிபதியின் கடிதங்களைத் தேடுகிறவர்கள் அவருடைய வீட்டை விட, அவர் யாருக்கெல்லாம் எழுதினாரோ அவர்களுடைய வீடுகளில்தான் அதிகம் தேட வேண்டியிருக்கிறது.

தமிழில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு சி.வை. தாமோதரம் பிள்ளை. புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நீதிபதியாக இருந்த அவரைத் தமிழுலகம் அறிந்திருப்பது தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றிய பதிப்பாசிரியராக. அவர் எழுதிய கடிதங்களில் பல, உ.வே. சாமிநாதையர் பெற்றுப் பாதுகாத்த கடிதக் கட்டுகளுக்குள் இருப்பதால் பிழைத்தன.

வட்டுக்கோட்டை முதல் புதுக்கோட்டை வரை

தாமோதரம் பிள்ளை 1832 செப்டம்பர் 12 அன்று யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்தார். பெயருக்கு முன் நிற்கும் ‘சி.வை.’ என்பதில் முதலெழுத்து ஊரையும் அடுத்தது தந்தை வைரவநாதரையும் குறிக்கும். தெல்லிப்பழையில் தொடங்கிய படிப்பு, அமெரிக்க மிஷனரிகள் 1823-இல் நிறுவிய வட்டுக்கோட்டைக் குருமடத்தில் தொடர்ந்தது. ஆங்கிலம், கணிதம், வானியல் ஆகியவற்றோடு தமிழையும் அங்கே முறையாகக் கற்பித்தார்கள்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தொடங்கப்பட்டது. அதன் முதல் பி.ஏ. தேர்வில் தேறியவர்கள் இருவர்: ஒருவர் தாமோதரம் பிள்ளை; மற்றவர் கரோல் விசுவநாத பிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தார், இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். அதன்பின் தாமோதரம் பிள்ளை பத்திரிகை, கல்லூரி, அரசாங்கக் கணக்குத் துறை என்று பல இடங்களில் வேலை பார்த்தார். வேலையில் இருந்துகொண்டே சட்டம் படித்து 1871-இல் பி.எல். பட்டம் பெற்றார். பின்னர் கும்பகோணத்தில் வக்கீல் தொழில். 1880களின் பிற்பகுதியில் புதுக்கோட்டையில் நீதிபதிப் பதவி. அப்போது சமஸ்தானத்தின் நிர்வாகம் திவான் சேஷையா சாஸ்திரியின் கையில் இருந்தது. 1890-இல் ஓய்வு பெற்றதும் தாமோதரம் பிள்ளை சென்னைக்கு வந்தார். 1895-இல் ராவ்பகதூர் பட்டம் கிடைத்தது. 1901 ஜனவரி 1 அன்று புரசைவாக்கத்தில் காலமானார்.

இந்த உத்தியோக வரலாற்றுக்குள்ளேயே இன்னொரு வரலாறும் ஓடுகிறது. 1868-இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்குச் சேனாவரையர் எழுதிய உரை வெளிவந்தது. 1881-இல் வீரசோழியம், 1883-இல் இறையனார் அகப்பொருளும் தணிகைப் புராணமும், 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887-இல் கலித்தொகை, 1889-இல் இலக்கண விளக்கமும் சூளாமணியும் அச்சேறின. வக்கீலாகவும் நீதிபதியாகவும் வேலை மிகுந்திருந்த ஆண்டுகளில்தான் இவற்றில் பெரும்பாலானவை வந்தன என்பது தேதிகளைப் பார்த்தாலே தெரியும். பகலில் வழக்குக் கட்டு, இரவில் ஏட்டுக் கட்டு என்ற இந்த வாழ்க்கைக்குக் கடிதப் போக்குவரத்து இல்லாமல் முடியாது.

ஏடு தேடிய கடிதங்கள்

பழைய நூல் ஒன்றைப் பதிப்பிக்க ஒரே ஒரு ஏட்டுச்சுவடி போதாது. ஒன்றில் செல்லரித்த இடம் இன்னொன்றில் முழுதாக இருக்கலாம். ஒன்றில் எழுதியவர் விட்ட அடி மற்றொன்றில் இருக்கலாம். இன்னொன்றில், பிற்காலத்தார் ஒருவர் தம் கருத்தை உரைக்குள் நுழைத்திருக்கலாம். ஆகவே கிடைக்கும் பிரதிகளை எல்லாம் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, எந்தப் பாடம் சரி என்று முடிவு செய்ய வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான சாட்சிகளை விசாரித்துத் தீர்ப்புக்கு வருவது போன்ற வேலை அது. தாமோதரம் பிள்ளைக்குத் தொழில்முறையிலேயே பழக்கமானது.

அந்தச் சாட்சிகள் இருந்த இடங்கள்தாம் தொலைவு. திருவாவடுதுறை, தருமபுரம் முதலிய ஆதீனங்கள், திருநெல்வேலிப் பக்கத்துக் கவிராயர் வீடுகள், தஞ்சாவூர் சரசுவதி மகால், யாழ்ப்பாணத்துப் புலவர் குடும்பங்கள், ஜமீன் அரண்மனைகள் என்று ஏடுகள் சிதறிக் கிடந்தன. எல்லா இடத்துக்கும் நேரில் போக உத்தியோகத்தில் இருப்பவரால் முடியாது. முதலில் கடிதம் எழுதி, இன்ன நூல் இருக்கிறதா, எத்தனை ஏடு, முதலும் கடைசியும் இருக்கின்றனவா என்று விசாரிக்க வேண்டும். பிறகு இரவல் கேட்க வேண்டும். பெற்றுக்கொண்டதற்கு ஒப்புதல் எழுத வேண்டும். திருப்பி அனுப்பியதற்கும் எழுத வேண்டும்.

இதைச் சாத்தியமாக்கியது அக்காலத் தபால். 1854-இல் ஏற்பட்ட சீர்திருத்தத்தின்படி கால் தோலா எடையுள்ள கடிதம் இந்தியாவுக்குள் எவ்வளவு தூரம் போனாலும் அரை அணாதான். 1879-இல் காலணாவுக்குத் தபால் கார்டு வந்தது. அடுத்த ஆண்டு தபால் வழியே மணியார்டர் அனுப்பும் வசதியும் வந்தது. காகிதம் வாங்கவும் நூலுக்குக் கையொப்பம் சேர்க்கவும், அதாவது அச்சுக்கு முன்பே பிரதி வாங்க ஒப்புக்கொள்பவர்களைத் திரட்டவும், இவை உதவின.

அக்காலக் கடிதத்தின் உருவமே பல செய்திகளைச் சொல்லும். தலைப்பில் பிள்ளையார் சுழியோ ‘சிவமயம்’ போன்ற மங்கலச் சொல்லோ இருக்கும். அதன்பின் ஊர், பிறகு ஆங்கிலத் தேதியோ தமிழ் ஆண்டின் பெயரும் மாதமுமோ. உத்தியோகத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத் தேதி போட்டார்கள். மடத்துப் புலவர்கள் தமிழ் ஆண்டை எழுதினார்கள். ஆதீனகர்த்தருக்கு எழுதும்போது ‘தேவரீர்’ என்றும் ‘விண்ணப்பம்’ என்றும் பணிவான நடை வரும். மடத்திலிருந்து வரும் பதிலுக்குத் ‘திருமுகம்’ என்று பெயர். நண்பருக்கு எழுதினால் ‘இவ்விடம் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதக் கோருகிறேன்’ என்று தொடங்கும். ஒரே ஆள் காலையில் மடத்துக்கு ஒரு நடையிலும் மாலையில் நண்பருக்கு வேறொரு நடையிலும் எழுதியிருப்பார்.

சிந்தாமணி யாருக்கு?

உ.வே. சாமிநாதையர் 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர் ஆனார். சீவக சிந்தாமணியை அவர் ஆராயத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். தாமோதரம் பிள்ளைக்கும் அந்த நூலைப் பதிப்பிக்கும் எண்ணம் இருந்தது. வயதில் இருபத்திரண்டு ஆண்டு மூத்தவர், பட்டதாரி, அச்சு வேலையில் ஏற்கெனவே அனுபவம் உள்ளவர் என்ற முறையில், சாமிநாதையரிடம் இருந்த பிரதிகளையும் குறிப்புகளையும் தம்மிடம் தரும்படி கேட்டார். சாமிநாதையர் இசையவில்லை. இந்த விவகாரத்தை அவரே ‘என் சரித்திர’த்தில் விரிவாகச் சொல்லியிருக்கிறார். முடிவில் 1887-இல் சிந்தாமணி சாமிநாதையர் பதிப்பாகவும், அதே ஆண்டில் கலித்தொகை தாமோதரம் பிள்ளை பதிப்பாகவும் வெளிவந்தன.

‘என் சரித்திரம்’ 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. அதாவது, நடந்து ஐம்பது ஆண்டுகளுக்குப் பின், சிந்தாமணியில் வெற்றி பெற்றவர் நினைவிலிருந்து எழுதியது. தாமோதரம் பிள்ளை தம் தரப்பில் அப்படியொரு தன்வரலாறு எழுதவில்லை. ஆகவே அவர் பக்கத்தைத் தெரிந்துகொள்ள இரண்டு வழிகளே உள்ளன. ஒன்று, அவருடைய பதிப்புரைகள். ஏடுகள் செல்லரித்தும் ஒடிந்தும் அழிந்துகொண்டிருந்த நிலையையும், பதிப்பாசிரியன் படும் பாட்டையும், குறைசொல்வோருக்கான பதிலையும் அவற்றில் அவர் விரிவாக எழுதியிருக்கிறார். மற்றொன்று, அன்றன்றைக்கு எழுதிய கடிதங்கள். பின்னால் என்ன ஆகும் என்று தெரியாமல் எழுதப்பட்டவை என்பதால், வரலாற்று ஆசிரியர்கள் நினைவுக் குறிப்பை விடக் கடிதத்துக்கு முதலிடம் கொடுக்கிறார்கள்.

கடிதத்திலும் ஓர் இடைவெளி உண்டு. இருவரும் கும்பகோணத்திலேயே இருந்த காலத்தில் பேச வேண்டியதை நேரில் பேசினார்கள். நேர்ப்பேச்சுக்குக் காகிதச் சான்று இருக்காது. ஒருவர் ஊர் மாறினால்தான் கடிதம் பிறக்கும். எந்தக் கடிதத் தொகுதியையும் படிக்கும்போது, கடிதம் இல்லாத மாதங்களைப் பகை மூண்ட மாதங்களாக எண்ணிவிடக் கூடாது. அப்போது இருவரும் ஒரே தெருவில் நடந்து போயிருக்கலாம்.

சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து வைத்தார். அப்படிச் சேர்ந்தவை மூவாயிரத்துக்கு மேல். அவர் மறைவுக்குப் பின் 1943-இல் நிறுவப்பட்ட டாக்டர் உ.வே.சா. நூல்நிலையம் அவற்றைப் பாதுகாத்து வருகிறது. ‘உ.வே.சா. கடிதக் கருவூலம்’ என்ற பெயரில் ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த முதல் தொகுதி 1877 முதல் 1900 வரையிலான கடிதங்களைக் கொண்டது. தாமோதரம் பிள்ளையின் பிற்கால வாழ்க்கை ஏறக்குறைய அந்தத் தொகுதிக்குள் அடங்கிவிடுகிறது. சாமிநாதையர் எழுதி அனுப்பிய பதில்கள் அந்தக் கட்டுகளில் இல்லை. அவை போய்ச் சேர்ந்த வீடுகளில் இருந்தால்தான் உண்டு. பெரும்பாலான கடிதத் தொகுதிகள் இப்படி ஒருபக்கப் பேச்சாகவே கிடைக்கின்றன.

இன்னும் இரண்டு முன்சீப்புகள்

19-ஆம் நூற்றாண்டுத் தமிழ் எழுத்தில் நீதித்துறைக்காரர்கள் வரிசையாக வருவது தற்செயல் அன்று. ஆங்கிலக் கல்வி, நிலையான சம்பளம், ஊர் ஊராக மாற்றம், நாள்தோறும் எழுத்து வேலை ஆகிய நான்கும் அவர்களிடம் சேர்ந்திருந்தன.

சாமிநாதையரைச் சிந்தாமணியின் பக்கம் திருப்பியவர் சேலம் இராமசுவாமி முதலியார். அரியலூரிலிருந்து கும்பகோணத்துக்கு மாற்றலாகி வந்த முன்சீப், அதாவது கீழ்நிலை உரிமையியல் நீதிபதி, அவர். 1880 அக்டோபர் 21 அன்று முதன்முதலாகச் சந்தித்தபோது, சாமிநாதையர் படித்திருந்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவைப் பட்டியலைக் கேட்டுவிட்டு, அவற்றுக்கு முந்தைய பழைய நூல்களைப் படித்ததுண்டா என்று விசாரித்தார். சிந்தாமணியின் பெயரைச் சொன்னார். பின்னர் முதலியார் சென்னைக்குப் போய்விட்டார். 1885-இல் இந்தியர்களின் கோரிக்கைகளை இங்கிலாந்து வாக்காளர்களிடம் எடுத்துச் சொல்லச் சென்ற மூவரில் அவரும் ஒருவர்.

அவருக்கும் முந்தியவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் தொடங்கி, தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீப்பாக இருந்தார். சென்னை மாகாணத்தின் மேல்முறையீட்டு மன்றமான சதர் நீதிமன்றத்தின் 1805 முதல் 1861 வரையிலான தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கிச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று வெளியிட்டார். வழக்காடுகிறவனுக்குத் தன் வழக்கின் சட்டம் தன் மொழியில் கிடைக்க வேண்டும் என்பது அவர் கருத்து. அலுவலில் உரைநடை, நண்பர்களிடம் பாட்டு. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் திருவாவடுதுறைச் சுப்பிரமணிய தேசிகரும் அவருடைய நட்பு வட்டத்தில் இருந்தார்கள். புலவர்கள் செய்தியைச் செய்யுளாகவே எழுதி அனுப்பும் சீட்டுக்கவி வழக்கம் அந்த வட்டத்தில் உயிரோடு இருந்தது. 1876–78 பஞ்சத்தின்போது அவர் செய்த உதவியைக் கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனையாகப் பாடினார். செய்யுளில் எழுதிய கடிதத்துக்கு ஒரு லாபம்: பெற்றவர் மனப்பாடம் செய்துவிடுவார், காகிதம் போனாலும் பாட்டு நிற்கும்.

அமெரிக்க நீதிபதிகள் எழுதியவை

நீதிபதிகளின் கடிதங்களை ஒரு நாடு தன் சொத்தாக எண்ணிப் பதிப்பிப்பதை அமெரிக்காவில் காணலாம். அங்கே உச்ச நீதிமன்றம் 1789-இல் ஏற்பட்டது. தலைநகரில் உட்கார்ந்திருப்பது மட்டும் அன்றைய நீதிபதிகளின் வேலை இல்லை. ஆண்டுதோறும் குதிரையிலும் வண்டியிலும் மாநிலம் மாநிலமாகப் போய்ச் சுற்று நீதிமன்றம் நடத்த வேண்டும். வீட்டைப் பிரிந்த அந்தப் பயணங்களில் கடிதங்கள் குவிந்தன.

வடகரோலைனாவைச் சேர்ந்த ஜேம்ஸ் அயர்டெல் 1790 முதல் 1799 வரை உச்ச நீதிமன்ற நீதிபதி. தென்மாநிலச் சுற்றின் தொல்லைகளை மனைவி ஹன்னாவுக்கும், அதே தொல்லைகளை முறையீடாகத் தலைமை நீதிபதிக்கும் எழுதினார். சொந்தக் கடிதமும் உத்தியோகக் கடிதமும் ஒரே விஷயத்தை எப்படி வேறு வேறு விதமாகச் சொல்லும் என்பதை அவற்றில் பார்க்கலாம். அவருடைய வாழ்க்கையும் கடிதங்களும் இரண்டு தொகுதிகளாக 1857–58-இல் அச்சாயின; தாமோதரம் பிள்ளை பி.ஏ. தேறிய சமயம் அது. 1801 முதல் 1835 வரை தலைமை நீதிபதியாக இருந்த ஜான் மார்ஷல், 1803-இல் சுற்று நீதிமன்றத்துக்காக ராலி நகருக்குப் போய் இறங்கினார். சட்டைப்பையில் ஓட்டை விழுந்து வெள்ளி நாணயங்களைத் தொலைத்ததையும், வேலைக்காரர் கால்சட்டையை எடுத்துவைக்க மறந்ததையும் மனைவி பாலிக்கு வேடிக்கையாக எழுதினார். மார்பரி வழக்கில் அவர் எழுதிய புகழ்பெற்ற தீர்ப்பும் அதே ஆண்டில்தான்.

உத்தியோகக் கடிதம் சட்டமாகவே நிலைபெற்றதும் உண்டு. 1793 ஜூலையில், பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் நடந்த போரில் அமெரிக்கா நடுநிலை வகிப்பது பற்றி ஜனாதிபதி வாஷிங்டனுக்குச் சட்டச் சந்தேகங்கள் எழுந்தன. அவர் சார்பில் வெளியுறவுச் செயலர் ஜெபர்சன் நீதிபதிகளுக்கு எழுதினார். தொகுத்து வைத்த கேள்விகள் 29. ஆகஸ்ட் 8 அன்று தலைமை நீதிபதி ஜான் ஜே முதலானோர் பதில் எழுதினார்கள்: வழக்காக வராத கேள்விக்கு நீதிமன்றம் கருத்துச் சொல்வது முறையல்ல என்று. அந்த ஒரு கடிதத்தின் அடிப்படையில், ஆலோசனைக் கருத்து வழங்குவதில்லை என்ற வழக்கத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன்றும் கடைப்பிடிக்கிறது. இந்தியாவில் நிலைமை வேறு. அரசியலமைப்பின் 143-ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்கலாம்.

சேதுச் சீமையின் காகிதங்கள்

மீண்டும் தமிழ்நாட்டுக்கு வந்தால், சேதுச் சீமை எனப்படும் ராமநாதபுரம் பகுதியைச் சேர்ந்த காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரத்து வானம்பார்த்த பூமியும் இந்தக் கடித உலகத்துக்கு வெளியே இருக்கவில்லை. திருச்சுழி ராமநாதபுரம் ஜமீனுக்கு உட்பட்டிருந்தது. கணவரை இழந்த ராணி, கணவருடைய அனுமதி இல்லாமல் பங்காளிகளின் சம்மதத்தோடு சுவீகாரம் எடுக்கலாமா என்ற ராமநாதபுரம் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1868-இல் சுவீகாரம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. இந்து சட்டப் புத்தகங்களில் தவறாமல் இடம்பெறும் வழக்கு இது.

அருப்புக்கோட்டை – விருதுநகர் சாலையிலுள்ள பாலவநத்தம், பாண்டித்துரைத் தேவரின் ஜமீன். அவருடைய தந்தை பொன்னுசாமித் தேவர், ஆறுமுக நாவலரின் பதிப்புகளுக்கு ஆதரவு தந்தவர். பாண்டித்துரைத் தேவர் உ.வே.சா.வின் மணிமேகலைப் பதிப்புக்கு (1898) உதவினார். 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். ஏடு தேடியவர்களும் பொருளுதவி நாடியவர்களும் கடிதம் எழுதிய முகவரிகளில் இந்தச் சீமையும் ஒன்று.

ஜமீனுக்குக் கீழே இன்னொரு படியும் இருந்தது. ரமண மகரிஷியின் தந்தை சுந்தரமையர் திருச்சுழியில் கணக்குப்பிள்ளையிடம் எழுத்தராகத் தொடங்கி, மனு எழுதுபவராகி, பட்டம் இல்லாமலே வழக்காடும் அனுமதி பெற்ற வக்கீலாக உயர்ந்தவர். எழுதத் தெரியாத சம்சாரியின் குறை, அவரைப் போன்றவர்களின் பேனா வழியாகத்தான் பிராதாகவும் மனுவாகவும் நீதிபதியின் மேசைக்குப் போனது. நீதிபதிகளின் தொழில்முறைக் காகிதங்களில் பல இப்படி மக்கள் பக்கமிருந்து வந்தவை.

வீட்டில் பழைய கட்டு இருந்தால்

பழைய வக்கீல், குமாஸ்தா, கர்ணம், ஜமீன் ஊழியர் குடும்பங்களின் பரண்களில் இத்தகைய கட்டுகள் இன்னும் இருக்க வாய்ப்பு உண்டு. அவற்றைக் கையாளச் சில எளிய விதிகள் போதும். கட்டிய வரிசையைக் கலைக்கக் கூடாது. எந்தக் கடிதம் எதன் பதில் என்பதை அந்த வரிசைதான் காட்டும். உறையையும் கார்டின் முகவரிப் பக்கத்தையும் கழித்துவிடக் கூடாது. கடிதத்தில் தேதி இல்லாவிட்டாலும் தபால் முத்திரை தேதியைச் சொல்லும். துருப்பிடித்த குண்டூசியை மெதுவாக எடுத்துவிடலாம். கிழிசலை ஒட்டுநாடாவால் ஒட்டுவதும், பத்திரமாக இருக்கட்டும் என்று லாமினேட் செய்வதும் காகிதத்தை மேலும் கெடுக்கும். ஈரமும் வெயிலும் படாத இடத்தில் வைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து, எழுதியவர், பெற்றவர், ஊர், தேதி ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் குறித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதன்பின் அதைப் படிக்கத் தெரிந்த நூலகத்துக்கோ ஆவணக் காப்பகத்துக்கோ தெரியப்படுத்தலாம். அனுப்பியவர் பெயர் கேள்விப்படாததாக இருந்தாலும் கட்டைக் கழிக்க வேண்டியதில்லை. அந்தப் பெயருக்கு உரியவர் எழுதிய மற்றக் கடிதங்கள் வேறொரு வீட்டில் இருக்கலாம்.